எட்டுப் பாகத்துச் சேறு

அந்த அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. நாற்பத்தோராம் பக்கம், மேலிருந்து மூன்றாவது பத்தி. ஆய்வுப் பகுதி முழுவதிலும் கடலடிப் படிவு ஒரே தன்மையுள்ள சேறாகக் காணப்படுகிறது என்று போட்டிருக்கும். எழுதியவருக்கு அதை எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? நான் அதைப் படித்து இரண்டு வருடம் ஆகப் போகிறது, இன்னும் வயிறு எரிகிறது. பல் துலக்கும்போது நினைவுக்கு வருகிறது. வண்டியில் கியர் மாற்றும்போது வருகிறது. யாராவது பேச்சுவாக்கில் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று சொன்னால்கூட அவர் மேல் பாய்ந்துவிடுகிறேன். ஒரு தடவை என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்து, "அந்த மனுசன் சாம்பாரப் பத்திச் சொன்னாருய்யா, வுட்டுடு" என்றாள்.

கோபத்தில் பாதி அந்த அலுவலகத்தின் மேல். மீதி என் மேல். ஏனென்றால் அந்தக் கடலை ஒரே சேறாக்கியது நான்தான். ஒரு யூரியா சாக்கை விரித்து, அதன் மேல் கொட்டி, என் இரண்டு கையால் பிசைந்து ஆக்கினேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருக்கழுக்குன்றத்துக்குத் தெற்கே நெல் போடுகிற குடும்பம். பத்தாவதோடு படிப்பு நின்றது. வேன் ஓட்டுகிறேன். ஓட்டுநர் வேலையில் பாதி நேரம் ஓட்டுவது, பாதி நேரம் காத்திருப்பது. அந்தக் காத்திருக்கிற பாதியில்தான் நான் படித்ததெல்லாம். பேப்பர், பழைய பாடப் புத்தகம், போன், எது கிடைத்தாலும் படிப்பேன். படிப்பதைவிடவும் மனிதர்கள் பேசுவதைக் கேட்பது எனக்குப் பெரிய பைத்தியம். யாராவது நன்றாக ஒன்று சொல்லிவிட்டால் ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். அலுவலகத்தில் அந்தத் தாள்களைத் திருப்பிப் பார்த்திருந்தால் என்னை அப்போதே அனுப்பியிருப்பார்கள்.

அலுவலகம் நாவலூரில் இருந்தது. கண்ணாடிக் கட்டடத்தில் நாலாவது மாடி. கடற்கரை வேலைகளுக்கு ஆய்வு செய்து கொடுப்பது அவர்கள் தொழில். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஓரிடத்தில் படகுத்துறை கட்டப் போவதாகவும், அதற்காகத் தோண்டும் மண்ணைக் கடலில் கொட்ட இடம் பார்க்க வேண்டும் என்றும் ஒரு வேலை அவர்களுக்கு வந்தது. கொட்டுகிற இடத்தில் கடலடி எப்படி இருக்கிறது என்று எடுத்துப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பொறியாளர் ஒருவர், நான், என் வேன். அவ்வளவுதான் குழு. உதவிக்கு வர வேண்டியவருக்கு அன்று காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள்.

படகு ஒரு மீனவருடையது. பக்கத்துக் குப்பத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். முதல் நாளே என்னை அண்ணாத்த என்று கூப்பிட்டார். பொறியாளர் கோயம்புத்தூர்ப் பக்கம். நல்ல பிள்ளை, மரியாதைக்காரர், எதற்கும் ஒரு "ங்ணா" போடாமல் பேச மாட்டார். இதையும் சொல்லத்தான் வேண்டும். கெட்டவன் செய்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

கரையிலிருந்து கடலுக்குள்ளாக இரண்டு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் ஐந்து இடம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு வாய் மண். கிராப் என்று ஒரு சாமான் கொடுத்திருந்தார்கள், நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு இரும்பு வாய். திறந்து வைத்துக் கயிற்றில் இறக்கினால், அடியைத் தொட்டதும் படாரென்று மூடிக்கொண்டு மண்ணைக் கவ்வும். இரண்டாவது இடத்திலேயே பொறியாளரின் காலை நாஸ்தா கடலுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, போனில் இடத்தின் எண்ணைப் பார்த்துச் சொல்வதோடு சரி. நானும் மீனவரும்தான் கயிற்றை இழுத்தோம்.

மண் மேலே வந்ததும் மீனவர் செய்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். மோந்து பார்த்தார். பிறகு ஒரு துளி எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தார்.

"இன்னாப்பா, காலீல நாஸ்தா துன்னலியா?" என்றேன்.

"கைக்குத் தெரியாதது பல்லுக்குத் தெரியும் அண்ணாத்த. நறநறன்னா மணலு. இருந்தும் இல்லாத மாதிரி கடிச்சுதுன்னா மாவு. ஒண்ணுமே தெரியாம நாக்குல வயிக்கிகினு போச்சுன்னா களி. நீயும் கடிச்சுப் பாரு. செத்துட மாட்ட."

கடித்தேன். உண்மைதான். கையில் ஒரே மாதிரி இருந்த இரண்டு சேறு பல்லில் வேறு வேறாக இருந்தது. இந்தக் கடியைப் பற்றிப் பிற்பாடு போனில் தேடியபோது, மண்ணைப் பற்றிப் படித்தவர்களும் வெளியே போகும்போது இப்படித்தான் செய்கிறார்கள் என்று தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் பொறியாளரிடம் சொல்லியிருப்பேன்.

மீனவர்கள் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் வருகிற அகலம் ஒரு பாகம். மூன்று பாகத்தில் வந்தது கரையில் நாம் மிதிக்கிற அதே மணல். ஐந்து பாகத்தில் மாவு, சாம்பல் நிறம், விரலில் ஒட்டி உதிர்ந்தது. எட்டுப் பாகத்தில் வந்ததை அவர் உடனே உறையில் போடவில்லை. கறுப்பு. தயிர் ஆடை மாதிரி நழுவுகிறது, ஆனால் கையை மூடினால் நிற்கிறது. அதற்குள் ஒரு நகத்தளவு இறால் குஞ்சு துள்ளியது. அதைப் பிடித்துக் கடலில் விட்டுவிட்டுத்தான் பேசினார்.

"இதான் அண்ணாத்த. மழ வுட்டு ஒரு வாரம் பத்து நாள் போனா வெள்ள எறா இதுக்குள்ள பூந்துக்கும். பகல்ல மீசைய மட்டும் வெளிய வுட்டுகினு படுத்துகினு கீதும். மணல்ல தங்காது. களில தங்காது. இந்தப் பதம் இருக்கணும். என் பொண்டாட்டி இட்லிக்கு மாவு பதம் பார்க்கிற மாதிரி அதுவும் பார்க்கும்."

"எவ்ளோ தூரம் கீது இது?"

"அகலம் கம்மி. இந்தப் பக்கம் மாவு, அந்தப் பக்கம் கல்லு. நடுவுல நாக்கு நீட்டிகினு இருக்கிற மாதிரி வடக்க தெக்க போவும். எங்க குப்பத்துல எறா வலை வெச்சிருக்கிறவன் அல்லாரும் இந்த நாக்க நம்பித்தான் கீறான்."

நாலாவது இடத்தில் கிராப் வாயை மூடாமலே வந்தது. கீழே கல். அவர்கள் அதைப் பார் என்பார்கள். பொறியாளர் தலையைத் தூக்காமலே, "கொஞ்சம் தள்ளிப் போடுங்ணா, மண்ணு வர்ற எடத்துல எடுத்துக்கலாம்" என்றார். தள்ளிப் போட்டோம். மண் வந்தது. அந்தக் கல் அதோடு உலகத்திலிருந்து காணாமல் போனது. அறிக்கையில் அதற்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஐந்தாவது இடம் பதினாலு பாகம். நீலம் கலந்த களி, பசை மாதிரி, கையைக் கழுவினாலும் போகவில்லை. இரண்டாவது கோடும் கிட்டத்தட்ட இப்படித்தான் போனது, ஒரே ஒரு வித்தியாசம். அதன் கடைசி இடத்தில் களி வரவில்லை. பழுப்பு நிறத்தில் முரட்டு மணல், செத்துப் போன சிப்பி ஓடுகளோடு. "ஆயத்துல போயி மணலா?" என்றேன். "எங்கப்பன் காலத்துலருந்து அங்க மணல்தான். ஏன்னு அத்தத்தான் கேக்கணும்" என்று கடலைக் காட்டினார்.

பத்து உறை. ஒவ்வொன்றுக்குள்ளும் பென்சிலால் எண் எழுதிய ஒரு துண்டுத் தாள். வெயில் ஏறும் முன் கரைக்கு வந்துவிட்டோம். பொறியாளர் மணலில் கால் பட்டதும் உயிர் பெற்று நாவலூருக்குப் போன் போட்டார். பேசிவிட்டு வந்து, "அண்ணா, லேபுக்குக் கோட்டுக்கு ஒண்ணுதான் போகுதாம். ரெண்டு சாம்பிள் போதும்ங்கறாங்க. கலந்து குடுத்தரலாங்களா? உங்களுக்குக் கலக்கத் தெரியுங்களா?" என்றார்.

தெரியுமா என்று என்னைக் கேட்டுவிட்டார். அந்த நேரத்தில் எனக்கு ஏறிய பெருமையை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. மண் பரிசோதனைக்கு எங்கள் வயல் மண்ணை எத்தனையோ முறை நான் எடுத்துப் போயிருக்கிறேன். வயலில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் எடுத்து, சாக்கில் கொட்டி, கட்டி உடைத்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலு பங்காகக் கோடு போட்டு, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட வேண்டும். மீதியை மறுபடி கலந்து, மறுபடி நாலாக்கி, மறுபடி இரண்டைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ நிற்கும். அதுதான் அந்த வயலின் மண். வேனில் யூரியா சாக்கு இருந்தது. கடலோர மணலில் விரித்தேன். முதல் கோட்டின் ஐந்து உறையையும் கொட்டினேன்.

மீனவர் படகை ஏற்றிவிட்டு வந்து நின்றார். "இன்னா பண்ணிகினு கீற?"

"சராசரி எடுக்கிறேன்பா. அஞ்சும் கலந்தாத்தான் மொத்தத்துக்கும் கணக்கு தெரியும்."

"மொத்தமா? மொத்தத்துலயா எறா படுக்குது?"

"லேபுல அப்படித்தான் கேக்குறாங்களாம்."

அவர் குந்தி உட்கார்ந்து, என் கை பிசைவதைப் பார்த்தார். எட்டுப் பாகத்துக் கறுப்பு மணலோடு சேர்ந்து சாம்பலானது. களி சேர்ந்ததும் சாம்பலும் போய், பேர் சொல்ல முடியாத ஒரு நிறம் வந்தது. "நல்லா கீது அண்ணாத்த. சிமெண்ட்டு கலக்கிற மாதிரி கீது. வூடு கட்டலாம்" என்றார். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

மண் எடுக்கக் கற்றுக்கொடுத்த வேளாண்மை ஆபீஸ்காரர் இன்னொன்றையும் அதே மூச்சில் சொல்லியிருந்தார். மேட்டு வயல் மண்ணைப் பள்ளத்து வயல் மண்ணோடு கலக்காதீர்கள், நிறம் மாறினால் தனியாக எடுங்கள் என்று. அது எனக்குத் தெரியும். எங்கள் பள்ளத்து வயலில் கால் வைத்தால் முழங்கால் வரை போகும், மேட்டில் கடலை போடுவோம். இரண்டையும் கலந்து கொண்டுபோனால் எங்கள் வீட்டிலேயே என்னை உதைத்திருப்பார்கள். நிலத்தில் இதை மறக்காதவன் கடலில் எப்படி மறந்தேன்? மேலே தண்ணீர் ஒரே மாதிரி இருந்ததால் கீழேயும் ஒன்று என்று நினைத்துவிட்டேன் போல. விவசாயி வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்தத் தப்பு வரும். மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் இவ்வளவு நேர்த்தியாகக் கலந்திருக்க மாட்டான்.

சில வாரம் கழித்து அறிக்கைப் பிரதிகளை ஊராட்சி அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் எனக்கே வந்தது. கோவளத்துக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றைப் பிரித்தேன். காத்திருக்கும் நேரத்தில் படிப்பது என் பழக்கம் என்றேன் அல்லவா. இரண்டு கோட்டின் மாதிரியும் ஒன்று போலவே வந்திருக்கிறது என்று பெருமையாக அட்டவணை போட்டிருந்தார்கள். வராமல் என்ன செய்யும்? இரண்டையும் கலந்தது ஒரே கை. வரைபடத்தில் கடல் முழுக்க ஒரே பழுப்பு நிறம். அந்தப் பழுப்பின் நடுவில் ஒரு சிவப்பு வட்டம், தோண்டிய மண்ணைக் கொட்டும் இடம். பக்கத்தில் ஆழத்தைப் போட்டிருந்தார்கள். மீட்டரைப் பாகமாக்கிப் பார்த்தேன். எட்டு.

டீ ஆறிப் போனது. அங்கிருந்தே பொறியாளருக்குப் போன் செய்தேன்.

"சார், வட்டம் எறா படுக்கிற சேத்து மேல விழுதே சார்."

"அண்ணா, அது ஒரே சேறுதாங்ணா. சேத்து மேல சேறு கொட்டறாங்க. பாதிப்பு கம்மின்னு எழுதியிருக்கோம்ங்க."

"ஒரே சேறு இல்ல சார். நீங்க படகுல இருந்தீங்களே. நாம தனித்தனியா எடுத்தோமே."

"எடுத்தோங்ணா. ரிசல்ட் அப்படி வருதுங்களே."

"நான் கலந்ததால வருது சார்."

பிறகு அதே மரியாதையோடு, "நீங்க வண்டிய எடுத்துட்டு வந்துருங்ணா" என்றார். அந்த மரியாதை என்னை அடித்ததுபோல இருந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அந்த வரி அவருக்கு வசதியாக இருந்திருக்கிறது. மேலதிகாரிக்கும் வசதி, கொட்டப் போகிறவனுக்கும் வசதி. யாருக்கும் பொய் சொன்ன பாவம்கூட இல்லை, நான் செய்து கொடுத்துவிட்டேனே.

நேராகக் குப்பத்துக்குப் போனேன். மீனவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி வாசலில் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பிடித்து வரும் இறாலைத் தலை எடுத்துப் பிரித்து மாமல்லபுரம் ஓட்டல்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவது அவள்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் குடும்பம் நடப்பது அந்தக் கூடைகளில். நான் விஷயத்தை ஒரு வரி விடாமல் சொன்னேன். சாக்கில் கலந்ததையும் சொன்னேன். அவள் கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.

"உங்கள ஒண்ணு கேக்கறேண்ணா. உங்க வூட்டு நெல்லு, எங்க வூட்டு எறா, அந்த இஞ்சினீரு ஐயா வூட்டு இட்லி, மூணையும் ஒரு பானைல போட்டுக் கலந்து, இதான் சாப்பாடுன்னா துன்னுவீங்களா?"

"மாட்டேன்மா."

"அப்போ எங்களுக்கு மட்டும் ஏன் ஊட்டி வுட்டீங்க?"

தண்ணீர் கேட்கலாமா என்று இருந்தது, கேட்கவில்லை.

"வவுத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டான்னு வாயால சொல்லுவோம். நீங்க படகு புடிச்சுப் போயி நெசமாவே அள்ளிகினு வந்திருக்கீங்க. இப்ப வந்து அழுதா ஆச்சா? மீட்டிங் போடறாங்களாமே. அங்க வந்து சொல்லுங்க. எங்க ஆளு சொன்னா மீன்காரன் கத்தறான்னுவாங்க. கலந்தவரு சொல்லட்டும்."

போகும்போது பின்னாலிருந்து, "வேலை பூடுமே உங்களுக்கு?" என்றாள். "பூடும்" என்றேன். "பரவால்ல. வேனு ஓட்டறவருக்கு ரோடா இல்ல" என்றாள். ட்ரிப் ஷீட்டில் நான் கடைசியாக எழுதியது அதுதான்.

ஊர் மக்களின் கருத்தைக் கேட்கும் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் மூன்று வாரம் இருந்தது. பொறியாளரின் கிராப் இல்லாமல் மண் எடுக்க முடியுமா என்று மீனவரைக் கேட்டேன். அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை, ஆனாலும் படகில் ஏற்றிக்கொண்டார். ஈயக் குண்டின் அடியில் துணி சோப்பைத் தேய்த்து ஒட்டி இறக்கினார். தூக்கினால் சோப்பில் ஒரு பூச்சு மண் ஒட்டி வருகிறது. எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிய அது போதும். எனக்குக் காட்ட இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றபோது, ஓட்டை போட்ட இரும்பு டப்பாவைக் கயிற்றில் கட்டி இழுத்து, அடியைச் சுரண்டிக் கொடுத்தார். ஊறுகாய் பாட்டில்களில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். மணல் பாட்டில் எண்ணி முடிப்பதற்குள் தெளிந்தது. மாவு சாயங்காலம் வரை இழுத்தது. எட்டுப் பாகத்துச் சேற்றில் அடியில் கொஞ்சம் மாவு உட்கார, மேலே களி கலங்கியே நின்றது. வெறும் களி பாட்டில் மூன்றாம் நாளும் பால் மாதிரி இருந்தது. என் மனைவி, "சமைக்கிற எடத்துல எதுக்கு இந்தக் கண்றாவி" என்று ஜன்னல் பக்கம் தள்ளி வைத்தாள், ஆனால் தினமும் போய்ப் பார்த்தவளும் அவள்தான்.

அந்த மூன்று வாரம் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். புரிந்தது இவ்வளவு. கரையோரம் அலை ஓயாது. கனமான மணல் மட்டும் தாக்குப்பிடிக்கும், பொடிசானதை அலை நிற்க விடாது. மழைக் காலத்தில் பாலாறும் ஓடைகளும் கொண்டுவந்து தள்ளுகிற வண்டல் கடலில் கலங்கி, நீரோட்டம் வடக்கே இழுத்தால் வடக்கே, தெற்கே இழுத்தால் தெற்கே போய், எங்கே தண்ணீர் கொஞ்சம் ஓய்கிறதோ அங்கே உட்காரும். பாறை இருந்தால் அதன் மறைவில் ஓயும். அந்தப் பாரும், அதன் மறைவில் விழுந்த அந்த நாக்கும், தற்செயல் இல்லை. கல் இருப்பதால்தான் சேறு. இன்னும் ஆழத்தில் மிகப் பொடியான களி. அதற்கும் அப்பால் அந்த முரட்டு மணல், கடல் எப்போதோ பின்வாங்கி நின்ற காலத்தில் அதுதான் கரையாக இருந்ததாம். மீனவர் கடலைக் கேட்கச் சொன்ன கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. ஆனால் அதை அவரிடம் சொல்ல எனக்கு முகம் இல்லை.

கூட்டம் கல்யாண மண்டபத்தில். மேடையில் ஒரு பெண் அதிகாரி, பக்கத்தில் எங்கள் பொறியாளர் லேப்டாப்போடு. சுவரில் பழுப்புக் கடல் பெரிதாகத் தெரிந்தது. பேச விரும்புகிறவர்கள் வரலாம் என்றதும் எழுந்து போனேன்.

"மேடம், அந்தப் படத்துல இருக்கிற ஒரே சேறு கடல்ல இல்ல. அது நான் சாக்குல கலந்தது" என்றேன்.

மண்டபத்தில் சிரித்தார்கள். பொறியாளர் மைக்கை இழுத்து, "மேடம், இவர் எங்க டிரைவர்ங்க. இவருக்கு டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாதுங்க" என்றார்.

"தெரியாதுன்னு தெரிஞ்சுதானே மேடம் என்னைக் கலக்கச் சொன்னாரு" என்றேன். இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது.

அதற்குள் மீனவரின் மனைவி மேடை ஏறிவிட்டாள். இறால் கூடையில் ஐந்து கிண்ணம் கொண்டுவந்திருந்தாள், அன்று காலை எடுத்த ஈரத்தோடு. அறிக்கையின் மேலேயே வரிசையாக வைத்தாள். "படிச்சவங்க நீங்க. கண்ண மூடிகினு வெரல வெச்சுப் பாருங்க. அஞ்சும் ஒண்ணா இருந்தா நாங்க வாய மூடிகினு பூடறோம்."

அதிகாரி தயங்கினார். பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டையை நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை, விரலை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில், எட்டுப் பாகத்தில், கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார். பிறகு விரலைத் துடைக்காமல் பொறியாளரைப் பார்த்து, "தனித்தனியா எடுத்துட்டு வாங்க" என்றார்.

என் வேலை அன்று மாலையே போனது. "நாளையிலிருந்து வர வேண்டாம்ங்ணா" என்று போன் வந்தது. கடைசி வரைக்கும் அந்த ங்ணா.

ஆட்சேபம் வந்த பகுதியில் மறுபடி எடுத்தார்கள். பத்து இடத்துக்குப் பத்து வரி. புது அறிக்கையில் மணல், மாவு, சேறு, களி என்று வேறு வேறு நிறம் வந்தது; நடுவில் ஒரு நாக்கு நீண்டிருந்தது. வட்டத்தை எடுத்துவிட்டார்கள். குப்பத்தில் அன்றைக்கு எனக்கு மீன் குழம்புச் சாப்பாடு. மீனவர் பழையபடி அண்ணாத்த என்றார். நானும் வயிறாரச் சாப்பிட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

சாப்பிட்ட கையோடு அந்த வரைபடத்தை மறுபடி பார்த்தேன். வட்டம் போய்விடவில்லை. தெற்கே இரண்டு விரற்கடை தள்ளியிருந்தது. அங்கே கடல் இன்னும் பழையபடி ஒரே பழுப்பு. யாரும் ஆட்சேபம் சொல்லாத இடம், அதனால் யாரும் பிரித்து எடுக்காத இடம். அந்தப் பழுப்பும் யாரோ என்னைப் போல ஒருவன் எங்கோ ஒரு சாக்கில் கலந்ததாகத்தான் இருக்கும்.

மீனவரிடம் காட்டினேன். வாயிலிருந்த முள்ளை எடுத்துவிட்டுப் பார்த்தார். "அது நம்ம எடம் இல்ல அண்ணாத்த. அந்தக் குப்பத்துக்காரங்க எடம்."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"எனக்கு எப்டித் தெரியும்? நமக்கே நீ வந்து சொல்லித்தானே தெரியும்."

அவர் மனைவி பாத்திரத்தை எடுத்தபடியே, "அவங்களுக்கும் எறா அதே பதத்துல தான் படுக்கும். எயுந்திரிங்க ரெண்டு பேரும்" என்றாள்.

இரண்டு வண்டியில் மூன்று பேரும் போனோம். அங்கே படகு நிழலில் ஆறேழு பேர் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். வரைபடத்தை மணலில் விரித்து நான் சொன்னேன். என் பங்கையும் சேர்த்துத்தான் சொன்னேன். பிறகு அவர்களில் மூத்தவர், வலை ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மீனவரைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க வூட்டாண்ட வெச்சதத் தூக்கி எங்க வூட்டாண்ட வெச்சுட்டு, இப்ப அத்தச் சொல்லத்தான் வந்தீங்களா நைனா?"

மீனவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஆளின் கோபம் நியாயம். இரண்டு வருடமாக நான் சுமக்கிற கோபத்தைவிட அது நியாயம்.

"ஆமா, அத்துக்குத்தான் வந்தோம்" என்றாள் அவள். "திட்டறதுன்னா அப்பறம் உக்காந்து திட்டுங்க. ஆட்சேபம் சொல்றதுக்கு நாள் கம்மி. உங்க சேறு எங்கெங்க கீதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொண்ணும் தனியா எடுக்கணும்."

மூத்தவர் ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு எழுந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"டீசல் கீதாடா படகுல?" என்று பின்னால் இருந்தவனைக் கேட்டுவிட்டு, தண்ணீரை நோக்கி நடந்தார்.